பத்துக் காசு வாங்கினீர்களே, பூட்டைத் திறங்கள்!

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, முதல் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

கல்வியின் பெருமை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கல்வியின் பெருமையை இன்னொரு நாள் பேசுகிறேன். இன்று கல்விக்கு நடந்த சிறுமையைப் பேசாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க மாட்டேன்.

இந்த வட்டாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் குற்றம் அந்த ஊரோடு முடிந்தது என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். அந்த ஊரில் நூலகக் கட்டடம் இருக்கிறது. வாசலில் கல்வெட்டு இருக்கிறது. கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டை, கால் உடைந்த நாற்காலி, அதற்குப் பின்னால் புத்தகக் கட்டு. வந்த அன்று கட்டியிருந்த சணலை இன்னும் ஒருவரும் அவிழ்க்கவில்லை. கிராம சபையில் ஒரு தாய் எழுந்து, "ஐயா, அதத் திறந்தா எம் புள்ள சாயங்காலத்துல போய் உக்காருமே" என்று கேட்டார். அதற்கு வந்த பதில்: "சின்னப் பசங்க புத்தகத்தக் கிழிச்சிடுவாங்கம்மா. அதான் பத்திரமா பூட்டி வெச்சிருக்கோம்."

பத்திரமாம்! யாரிடமிருந்து பத்திரம்? கரையான் தினமும் உள்ளே போய் வருகிறதே, அதற்கு உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தது யார்? (சிரிப்பு)

கிழியட்டும் ஐயா! மூன்று வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கிழிக்கத்தான் செய்யும். முதலில் வாயில் வைக்கும். பிறகு தலைகீழாகப் பிடிக்கும். பக்கம் புரட்டத் தெரியாமல் பிய்க்கும். யானைப் படத்தைக் காட்டி மாடு என்று சொல்லும். ஒரு நாள் அம்மா படிக்கப் படிக்க, அடுத்த வரியைத் தானே முந்திச் சொல்லும். அந்த நாள் வருவதற்குள் நாலு புத்தகம் நாசமாகத்தான் வேண்டும். கோலம் போடப் பழகுகிற பெண்பிள்ளை வாசல் முழுக்க மாவைக் கொட்டுகிறாள். அதற்காக மாவு டப்பாவைப் பூட்டிவைக்கிற தாய் உண்டா?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்குப் போனதும் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். ரூபாய்க்குப் பத்துக் காசு. நூறு ரூபாய் வீட்டுவரி கட்டினால் பத்து ரூபாய் நூலகத்துக்கு. இது நேற்று வந்த வரி இல்லை. 1948இல், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அதற்குப் பின்னால் இருந்த மூளை சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து கட்டுகிறோம். ஓலைக் குடிசை போட்டவன் கட்டினான். ஓட்டு வீட்டுக்காரன் கட்டினான். வசூல் செய்கிற உள்ளாட்சி அந்தப் பணத்தை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். உள்ளாட்சிகள் அதைச் செலுத்தாமல் பாக்கி வைப்பதைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தண்ணீர் வரிக்கு ஒரு மாதம் தவறினால் குழாயைத் துண்டிக்க வருகிறவர்களே, எங்களிடம் வாங்கிய பத்துக் காசை உரிய இடத்தில் சேர்த்தீர்களா? சேர்த்தது உண்மையானால், என் ஊர்ப் பிள்ளைக்குப் புத்தகம் எங்கே?

கேட்டால் பந்து விளையாடுகிறார்கள். கட்டடம் ஊராட்சியுடையது, வரி ஆணைக்குழுவுடையது, ஆள் போடுவது இன்னொரு துறையுடையது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்களே, அந்தக் கட்டடங்களில் எத்தனையின் சாவி இன்று எவர் கையில் என்று அவர்களுக்கே தெரியாது. பூட்டுப் போட மட்டும் எல்லாத் துறைக்கும் அதிகாரம் இருக்கிறது, திறப்பதற்கு ஒரு துறைக்கும் இல்லை! (கைதட்டல்)

ரங்கநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். முதல் விதி என்ன? புத்தகம் இருப்பது பயன்படுத்த. அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்ததை அங்கே எடுத்துச் சொல்கிறார். அந்தச் சங்கிலியை அறுத்தது உலகம். அறுத்த சங்கிலியைப் பொறுக்கிக்கொண்டு வந்து நம் ஊர்க் கதவில் மாட்டியிருக்கிறார்கள்!

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதனே போய்த் தொடங்கிவைத்தார். அன்று ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது, வெள்ளைக்காரன் ஆட்சி. மாட்டுக்கே வழி தெரிந்தது. இன்று நமக்கு ஆறு வழிச்சாலை இருக்கிறது, கன்டெய்னர் லாரி வரிசை வரிசையாகப் போகிறது. புத்தகம் மட்டும் வந்து சேரவில்லை.

இது என்ன மண் தெரியுமா? ஏரிக்கு அந்தக் கரையில் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். பக்கத்தில் திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர்; இராமாநுசர் பிறந்த ஊர். ரகசியம் என்று சொல்லிக் கொடுத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். நான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, ஊர் பிழைக்கட்டும் என்று நினைத்தவர் பிறந்த மண்ணில், ஒரு படப் புத்தகத்தை ரகசியம்போலப் பூட்டிவைத்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபத்துநாலு அடி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கிறது, குடிக்கட்டும். 2015 டிசம்பரில் இதே ஏரி திறந்த தண்ணீர் அடையாற்றில் ஓடிக் கோட்டூர்புரத்தை முழுக்கியது. அந்தக் கோட்டூர்புரத்தில்தான் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் நிற்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, நடுவில் ஒரு மரம்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல நூலகம். 2011இல் அதை மருத்துவமனையாக்கப் போகிறோம் என்றபோது ஊரே கொதித்தது, நீதிமன்றம் தடுத்தது. கோட்டூர்புரத்து நூலகத்துக்காக அன்று எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கு, நம் ஊர்ப் பூட்டுக்காக எழ வேண்டாமா? நம் ஏரித் தண்ணீர் அங்கே போகத் தெரிகிறது, ஒரு பெட்டிப் புத்தகம் இங்கே வரத் தெரியவில்லையா?

உடனே ஒருவர் சொல்கிறார், எல்லாம் செல்போனில் இருக்கிறதாம். செல்போனில் சோறு படம்கூட இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்! (சிரிப்பு) இன்னொருவர், அது டீச்சர் வேலை என்கிறார். பிள்ளை ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிறது. மூளை அதற்குள் பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. அந்த ஐந்து வருஷம் யார் வேலை? 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தை அரசு தொடங்கியது. எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்றார்கள். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று சின்னச் சின்னப் புத்தகமாக அழகாகப் போட்டார்கள். பாராட்டுகிறேன். பள்ளிக்கூடக் கேட்டைச் சாயங்காலம் சாத்திய பிறகு அந்தப் பிள்ளை எங்கே போய் நுழைவது, எங்கே நடப்பது?

இன்னொருவர் கேட்கிறார், வடநாட்டான் பிள்ளைக்கு நம் வரியில் புத்தகமா என்று. ஒரகடத்தில் உங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறையில் ஒடிசாக்காரனையும் பீகார்க்காரனையும் குடிவைத்து வாடகை வாங்குகிறீர்கள். அந்த வாடகையிலிருந்துதான் வீட்டுவரி கட்டுகிறீர்கள். உங்கள் பத்துக் காசில் அவன் காசு இருக்கிறது. அவன் பிள்ளைக்கு அவன் மொழியில் ஒரு படப் புத்தகம், நம் மொழியில் ஒரு படப் புத்தகம். அந்தப் பிள்ளை இங்கேதான் வளரப்போகிறது.

கம்பெனிகளுக்கு வருகிறேன். 2013 கம்பெனிச் சட்டம், லாபம் பார்க்கிற பெரிய கம்பெனி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. எந்தெந்தப் பணி என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் பொது நூலகம் அமைப்பது என்று அச்சாகவே இருக்கிறது! ஆனால் நமக்கு என்ன வருகிறது? கம்பெனி பெயர் பெரிதாகப் போட்ட பை. ஒரு பை கொடுக்கப் பதினைந்து பேர் வந்து படம் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை படத்தில் சிரித்துவிட்டுக் காலிப் பையோடு வீட்டுக்குப் போகிறது. பைக்குள் வைக்கப் புத்தகம் எங்கே சார்?

அமெரிக்காவில் கார்னெகி என்று ஓர் இரும்பாலை முதலாளி. இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல் நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் வருஷாவருஷம் நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். ஊரும் சேர்ந்தால்தான் நூலகம். அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் உலை முன்னால் நிற்கிறவனுக்கு நூலகம் எதற்கு என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊரிலும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. போராடினோம், மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் லைனில் நின்று வருகிற தாய் எந்த நேரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக் கதை படிப்பாள்? வேலை நேரம் பேசாமல் வாசிப்பைப் பேசுகிறவனை நம்பாதீர்கள்!

நூலகச் சட்டம் வந்த அதே 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகம் இருக்கிற இடத்தில் நான் கேட்பது, பாய்க்குப் பக்கத்தில் பத்துப் படப் புத்தகம். காப்பகமே இல்லாத இடத்தில் என்ன கேட்பது என்று சங்கத் தோழர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற ஊர். அதுவும் நம் ஊர்போலக் கார் செய்து பெயர் வாங்கிய ஊர். 1992இல் அங்கே முந்நூறு கைக்குழந்தைகளின் வீடுகளுக்குப் புத்தகம் கொடுக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 1998இல் கார் ஓடி வெளியே வந்தது, வீட்டுக்குப் புத்தகம் வரவில்லை. அன்று பிறந்த நம் பிள்ளை இன்று அதே கேட்டில் காண்ட்ராக்ட் அட்டையோடு நிற்கிறான். 2006இல் இங்கே செல்போன் ஆலை வந்தது, 2014இல் மூடியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நடுரோட்டுக்கு வந்தார்கள். ஆலை வரும், போகும். விதியைப் படித்துப் புரிந்துகொள்ளவும், எதிலே கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளவும் பழகியவனை வேறு வேலைக்குப் போகாமல் தடுக்க எவனாலும் முடியாது. அந்தப் பழக்கம் இடுப்புப் பிள்ளையாக இருக்கும்போது தொடங்குகிறது. அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

நூலகரை நான் திட்டமாட்டேன். தொலைந்த புத்தகத்துக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், பயப்படுகிறார். மத்திய அரசின் பொது நிதி விதிகளே ஆயிரம் புத்தகம் கொடுத்து வாங்கினால் ஐந்து தொலைவது இயல்பு என்று ஏற்றுக்கொள்கின்றன. டில்லிக்காரனுக்கு இருக்கிற பெருந்தன்மை பால்வாடிப் பிள்ளைக்குக் கிடையாதா? படப் புத்தகம் கிழிந்தால் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் புதியது வாங்கு என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள்.

உங்களையும் விட மாட்டேன். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஒரே நாளில் வசூலிக்கிற ஊர் இது. நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் என்று பெயர் எழுதுகிறார்கள். எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945இல் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே ஊர்க்காரர்களே நூலகத்தை நடத்தினார்கள். அரசாங்கம் திறக்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படியே நாமும் செய்வோம். வேலை முடிந்து வருகிற பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராக வந்து கதை படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி வந்து கதை சொல்லட்டும். கதை கேட்ட காதுதான் பிறகு புத்தகத்தைத் தேடும்.

வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், கையில் வீட்டுவரி ரசீதைக் கொண்டுவாருங்கள். மூன்று தீர்மானம். ஒன்று, ஐந்து வருஷமாக வசூலித்த நூலக வரி எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு, எழுத்தில் வேண்டும். இரண்டு, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்றபடி சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும். மூன்று, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தரையில் பாய், கையெட்டும் உயரத்தில் புத்தகம்.

தீர்மானம் எழுதும் நோட்டில் பதிவாகி, கையெழுத்து விழுகிறவரை ஒருவரும் எழுந்து போகாதீர்கள். டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டு உட்காருங்கள். கரண்ட் போகும், உட்காருங்கள். அடுத்த சபையில் பார்ப்போம் என்பார்கள், உட்காருங்கள். இத்தனை வருஷமாகக் கட்டிய பணத்துக்கு ரசீது நம்மிடம் இருக்கிறது. வரவு வைத்தவர்கள் செலவைக் காட்டியே தீர வேண்டும்!