சான்றிதழும் புகார்ப் பெட்டியும்

(சமூக அறிவியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலருடைய பள்ளிச் சுவரில் ஒரு பலகை இருக்கும். ‘இக்கழிவறை இன்ன நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டப்பட்டது’ என்று அதில் எழுதியிருக்கும். சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து நமக்கு அறிமுகமானது பெரும்பாலும் இப்படித்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் இந்த நிதி அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. நல்லது, வரட்டும்.

லாபத்தில் ஒரு பங்கை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த லாபத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இன்று நான் பேச வந்தது இரண்டாவது கேள்வியைப் பற்றி.

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 2010இல் ஐ.எஸ்.ஓ. 26000 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை அது ஏழு தலைப்புகளில் பிரிக்கிறது: நிறுவன நிர்வாகம், மனித உரிமை, தொழிலாளர் நடைமுறை, சுற்றுச்சூழல், நேர்மையான வணிகம், நுகர்வோர் நலன், சமூக ஈடுபாடு. கழிவறை கட்டித் தருவது ஏழாவது தலைப்பில்தான் வருகிறது. மற்ற ஆறும் அன்றாடத் தொழில் நடக்கும் விதத்தைப் பற்றியவை.

இந்த ஆறில் சிலவற்றைக் கடைப்பிடிப்பதாக நிறுவனங்கள் தாமாக முன்வந்து உறுதி தருவதுண்டு. அதற்குப் பல தரநிலைகள் இருக்கின்றன. 1997இல் வந்த எஸ்.ஏ.8000 தொழிலாளர் தொடர்பானது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை, அதற்கு மேல் போனால் 12 மணி நேர மிகை வேலை, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று அது வரம்பு வைக்கிறது. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதியும் அதில் உண்டு. ஆலையில் குழந்தைத் தொழிலாளி இருப்பது தெரிந்தால், வெளியே அனுப்பினால் மட்டும் போதாது. அந்தக் குழந்தை பள்ளிக்குச் சென்று தொடர்ந்து படிக்கப் பண உதவி உள்ளிட்டவற்றை நிறுவனமே செய்ய வேண்டும்.

துணிகளில் காணப்படும் காட்ஸ் முத்திரை இயற்கை வேளாண் இழைக்கானது. ‘ஆர்கானிக்’ என்று போட 95 விழுக்காடு அத்தகைய இழை இருக்க வேண்டும். சாயக்கழிவு, தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற முத்திரையோ, உடுத்துபவருக்குத் தீங்கு செய்யும் ரசாயனம் துணியில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பது பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. முத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

சட்டம் இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நம்மிடம் இருந்தவைதாம். ஆனால் திருப்பூரில் தைத்த சட்டையை ஜெர்மனியில் வாங்குபவர் நம் சட்டத்தை இங்கே வந்து நடைமுறைப்படுத்த முடியாது. 1990களில், பாகிஸ்தானின் சியால்கோட்டில் சிறுவர்கள் கால்பந்து தைக்கும் படங்கள் உலக இதழ்களில் வந்தன. கடைக்காரரின் பெயர் கெட்டது. அதன் பிறகே ‘எங்களுக்கு அனுப்பும் பொருள் இப்படித்தான் தயாராக வேண்டும்’ என்று வாங்குபவர்கள் நிபந்தனை வைப்பது பரவியது. விற்பவரும் சான்றிதழ் இருந்தால் ஆர்டர் கிடைக்கும் என்று முன்வந்தார். ஆக, ‘தன்னார்வம்’ என்ற சொல்லுக்குள் நல்லெண்ணமும் உண்டு, வியாபாரமும் உண்டு. அதில் தவறில்லை. தந்த வாக்கு நிறைவேறுகிறதா என்பதே கேள்வி.

கராச்சியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்தது. சுமார் மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, ஆலை தீப்பிடித்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று பின்னாளில் நீதிமன்றம் கூறியது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் போனதற்குக் காரணம், பூட்டிய கதவுகளும் கம்பியடித்த ஜன்னல்களும். சான்றிதழ் தந்தது இத்தாலிய நிறுவனம். நேரில் ஆய்வு செய்தது அதன் உள்ளூர் முகமை.

ஆய்வுக்காரர் கதவைப் பார்க்கவில்லையா? நமக்கு ஆண்டாய்வு தெரியும். அதிகாரி வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் வளாகம் சுத்தமாகும், பதிவேடுகள் நிறைவாகும், பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொல்வார்கள். அன்று கண்டது உண்மைதான், ஆனால் அது அந்த ஒரு நாளின் உண்மை. மீதி நாள்களில் கதவு திறந்திருக்கிறதா என்பது உள்ளே வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்பதற்கும், அவர் சொன்னால் வேலை போகாது என்பதற்கும் வழியில்லாத தரநிலை தாளில் மட்டுமே இருக்கும்.

அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டார்கள். கீழ்த்தளத்து வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்களோ மறுநாளும் வேலைக்கு வர வைக்கப்பட்டார்கள். அவர்களால் மறுக்க முடியவில்லை.

இதன் பிறகு வந்த மாற்றம் முக்கியமானது. அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் ‘அக்கார்டு’ என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. யாரும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை. ஆனால் கையெழுத்திட்ட பின் அது சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆய்வறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு ஏற்கப்பட்டது. தன்னார்வமாக நுழைந்து, கடப்பாடாக ஏற்பது என்ற புதிய வழி பிறந்தது.

அந்த வழி தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். 2022இல் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், வாங்கும் நிறுவனங்கள் ஆகியோரிடையே திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். துன்புறுத்தல் நடந்தால் அவர்களிடம் சொல்ல வழி வந்தது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், வாங்குபவர் வணிக நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. சட்டை வாங்கும் பெரிய நிறுவனமும் பொறுப்பிலிருந்து நழுவ முடியவில்லை.

இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து நின்றுவிட்ட மாணவி நூற்பாலைக்குப் போயிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாகப் பணம் என்று சொல்லி அழைத்துப் போன காலமும் உண்டு. நம் மாணவர்களின் அம்மாவும் அக்காவும் வேலை செய்யும் இடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? நுகர்வோர் பாடத்தில் ஐ.எஸ்.ஐ., அக்மார்க் நடத்துகிறோம். அவை பொருளின் தரத்தைச் சொல்கின்றன. அந்தப் பாடத்தோடு, வீட்டிலிருந்து ஒரு பனியன் அட்டையோ துணி லேபிளோ கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். இந்த முத்திரை எதைப் பற்றி உறுதி தருகிறது, எதைப் பற்றிச் சொல்லவில்லை? யார் சோதித்தார்? தவறு நடந்தால் உள்ளே வேலை செய்பவர் யாரிடம் சொல்வார்? காட்ஸ் லேபிளில் சான்றளித்தவரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். இணையத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும்.

மேல்நிலை வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு பயிற்சி. பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. ஓர் அறிக்கையை இறக்கி, புகார்கள் அட்டவணையை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ‘புகார் எதுவும் இல்லை’ என்றிருந்தால் அது நல்ல நிறுவனமா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு விடை நம் பள்ளியிலேயே இருக்கிறது. ‘மாணவர் மனசு’ பெட்டியை மாதக்கணக்கில் திறந்தும் ஒரு சீட்டுகூட இல்லையென்றால், குறை இல்லை என்று நாம் முடிவு செய்வதில்லை. பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறதா, போன முறை எழுதிய பிள்ளைக்கு என்ன ஆனது என்று பார்க்கிறோம். புகார் வந்து, தீர்ந்து, அது பதிவாகியிருக்கும் இடமே நம்பத் தகுந்த இடம். ஆலைக்கும் அளவுகோல் அதுதான்.

நம் மாணவர்களில் சிலர் நாளை அந்த ஆலைகளில் தைப்பார்கள். சிலர் மேற்பார்வையாளர் ஆவார்கள். ஓரிருவர் முதலாளியும் ஆகலாம். பூட்டிய கதவைக் கண்டால் தைப்பவர் வாய்திறந்து சொல்லவும், மற்றவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் நம் வகுப்பறையில் பழகியிருக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரமே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.