ஈரோட்டுச் சந்தையில் இரண்டு நாட்கள்



மூன்று பேர் சேர்ந்து போட்ட பணத்தோடுதான் முதன்முதலாக இந்தியாவுக்குத் துணி வாங்கப் போனேன். சென்னை சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஈரோடு. முன்பின் தெரியாத ஒரு அம்மா இட்லிப் பொதியை அவிழ்த்து எனக்கும் நீட்டினார்.

அங்கே கனி ஜவுளிச் சந்தை திங்கள் மாலை கூடி செவ்வாய் வரை நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகளெல்லாம் வருகிறார்கள். நள்ளிரவிலும் பேரம்தான். நம் சாரம் அங்கே கைலி, லுங்கி. அது தெரியாவிட்டால் கடைக்காரர் முழிப்பார். பூக்காரம்மாவுக்கும் போனில்தான் காசு. வந்த தொகையைச் சின்னப் பெட்டியொன்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது! நம் வங்கிக் கணக்கால் எனக்கு அது முடியவில்லை. சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும்.

விலை படிந்த பிறகுதான் உண்மையான வேலை. சந்தையில் விற்கும் எல்லோராலும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதற்கு ஏற்றுமதிக் குறியீட்டெண் வேண்டும். அது உள்ளவர் மூலம் பில் போட்டு, தூத்துக்குடிக்கு லொறி, பிறகு கப்பல். அவர் கமிஷன், லொறிக்கூலி, நம் சுங்கத் தீர்வை எல்லாவற்றையும் கூட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கூட்டிப் பார்த்ததில் மலிவாகத் தெரிந்த சிறுவர் உடுப்பு கட்டவில்லை, விட்டுவிட்டேன். சாரமும் நைட்டியும் கட்டியது. மூவருக்கும் பில்லோடு கணக்குக் காட்டினேன்.

அடுத்த பயணத்துக்குக் கூட வர விரும்பும் தம்பிமார் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள். விசாச் செலவு உங்களுடையது.