ஒரே அரங்கில் குருதியும் எலும்பும்



அரங்கில் இடம் போதவில்லை. பின்னால் சிலர் நிற்கிறீர்கள். அந்தக் குற்றம் என்னுடையது. அமைப்பாளர்கள் முதலில் போட்ட நிகழ்ச்சிநிரலில் வைட்டமின் கே பற்றிய குருதி உறைதல் கட்டுரைகள் மாடியிலும், எலும்புக் கட்டுரைகள் கீழ்த்தளத்திலும் இருந்தன. இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஏன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

வைட்டமின் கே-யின் சிக்கல் அதன் பெயரிலேயே தொடங்குகிறது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனியைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்குத் தோலடியிலும் தசையிலும் இரத்தம் கசிந்தது. தீனியில் இல்லாமற்போனது ஒரு புதிய வைட்டமின் என்று கண்டு, 1935இல் அதற்கு உறைதலைக் குறிக்கும் 'கோயாகுலேஷன்' என்ற சொல்லின் முதலெழுத்தைச் சூட்டினார்; டேனிஷிலும் ஜெர்மனிலும் அது 'கே'யில் தொடங்கும். 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் எட்வர்ட் டாய்சிக்கும் கிடைத்தது. பொருத்தமான பெயர்தான். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயர் நம்மைக் குருதியை விட்டு நகரவிடவில்லை.

இன்னொரு புறம் மாடுகள். 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், எட் கார்ல்சன் என்ற விவசாயி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி மாடிசன் நகருக்கு வந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, மாடுகள் தின்ற கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோல், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தம். கால்நடை அலுவலகம் மூடியிருந்ததால் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகக் கதவைத் தட்டினார். பூஞ்சை பிடித்த அந்த வைக்கோலிலிருந்து டைகூமராலைப் பிரித்தெடுக்க லிங்க்கின் குழுவுக்கு 1939 வரை ஆயிற்று. அதன் தம்பிதான் வார்ஃபாரின். முதலில் எலி மருந்து. 1950களில் மனிதருக்கான மருந்து.

அந்த மாட்டு இரத்தத்தில் என்ன கெட்டுப்போயிருந்தது? விடை 1974இல்தான் கிடைத்தது. ஸ்வீடனில் ஸ்டென்ஃப்ளோவும், அமெரிக்காவில் நெல்செஸ்டுவன் குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டார்கள். குருதி உறையத் தேவையான புரதமான புரோத்ராம்பினின் முன்முனையில் உள்ள பத்து குளூட்டாமிக் அமிலங்கள் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி ஒட்டியிருந்தது. அதை ஒட்டவைப்பதற்குத்தான் வைட்டமின் கே வேண்டும். ஒரு கார்பாக்சில் கால்சியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இரண்டு சேர்ந்தால் இடுக்கிபோல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கால்சியத்தின் துணையோடுதான் புரோத்ராம்பின் தட்டணுவின் சவ்வில் போய் உட்காருகிறது. வைட்டமின் கே-யின் வேலையை முடக்கும் டைகூமராலைத் தின்ற மாட்டின் புரோத்ராம்பினுக்கு இடுக்கி இல்லை.

இது இவ்வளவு காலம் கண்ணில் படாததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. புரதத்தைப் பகுத்துப் பார்க்க அமிலத்தில் கொதிக்கவைப்பது வழக்கம். கொதிக்கையில் அந்தக் கூடுதல் கார்பாக்சில் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். கையில் மிஞ்சுவது சாதாரண குளூட்டாமிக் அமிலம். தேடும் முறையே தேடியதை அழித்துக்கொண்டிருந்தது.

இடுக்கி என்று ஒன்று தெரிந்ததும், கால்சியம் இருக்கும் இடமெல்லாம் அதைத் தேடத் தொடங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே எலும்பில் அகப்பட்டது. 49 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஸ்டியோகால்சின். அதில் மூன்று இடுக்கிகள். 1983இல் மேட்ரிக்ஸ் கிளா புரதம். இந்த இரண்டாவது புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளின் தமனிகள் சுண்ணாம்பாகி, இரண்டு மாதத்துக்குள் அவை செத்தன என்று 1997இல் தெரியவந்தது. கால்சியத்தை ஓரிடத்தில் சேரவிடாமல் தடுப்பதற்கும் அதே இடுக்கிதான் வேண்டியிருக்கிறது.

மாடிக்காரர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. வைட்டமின் பற்றாக்குறையாக இருந்தால் உறைதல் புரதங்களைச் செய்யும் கல்லீரல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. எலும்பும் தமனியும் கடைசிப் பந்தி. உறைதலை அளக்கும் புரோத்ராம்பின் நேரம் சரியாக இருக்கும். ஆஸ்டியோகால்சினில் சில இடுக்கிகள் காலியாக இருக்கும். 1998இல் பால் பிரைஸ் குழுவினர் எலிகளுக்கு வார்ஃபாரினையும் வைட்டமின் கே1-ஐயும் சேர்த்தே கொடுத்தார்கள். உறைதல் கெடவில்லை, தமனிகளில் சில வாரங்களிலேயே கால்சியம் படிந்தது.

கீழ்த்தளத்தார் இதற்கு அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிக்கு எலும்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1996இல் வந்த முடிவில் எலும்பு கூடியிருந்தது. ஜப்பானில் எலும்புப்புரைக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வைட்டமின் கே2 மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் எலும்பு முறிவைத் தடுக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மருந்துக்கடை அட்டைப்பெட்டிகள் பேசும் அளவுக்கு நம்மிடம் சான்று கிடையாது.

என் பங்குக்கு ஒன்று. வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட அம்மா ஒருவர் என்னிடம் பல வருடம் வந்தார். வார்ஃபாரின் இனத்து அசிட்ரோம் மாத்திரை, மாதாமாதம் உறைதலை அளக்கும் ஐஎன்ஆர் சோதனை. வைட்டமின் கே நிறைந்த கீரையையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது மட்டும் கொல்லை முருங்கையை ஒடித்துப் பொரியல் செய்துவிடுவார்; அந்த மாதம் ஐஎன்ஆர் இறங்கிவிடும். "வாரத்துக்கு ரெண்டு நாள், அளவு மாறாம சாப்பிடுங்கம்மா, அதுக்குத் தக்கபடி மாத்திரையை நான் வெச்சுக்கறேன்" என்றேன். எண் நிலைப்பட்டது, எனக்குப் பெருமை. பிறகு ஒருநாள் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தார். மாத்திரைதான் காரணம் என்று ஒரு முறிவை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அத்தனை வருடத்தில் அவருடைய எலும்பைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. எலும்புப் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருந்தது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குருதிக்காரர்கள் பேசி முடித்ததும் முதல் கேள்வியை எலும்புக்காரர் ஒருவர் கேட்கட்டும். பிற்பகலில் மாற்றி வைத்துக்கொள்வோம். பின்னால் நிற்பவர்களுக்கு நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.