நடுவில் இருப்பது யார்?



“தொலைதூர விண்மீன் திரள்கள் எல்லாம் நம்மைவிட்டு விலகுகின்றன” என்று நடத்தினேன். ரமணாசிரமம் பக்கத்திலிருந்து வரும் மாணவி கேட்டாள்: “அப்போ நாமதான் நடுவுல இருக்கோமா சார்?” எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் எலாஸ்டிக் நாடாவில் 2 செ.மீ. இடைவெளியில் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினோம். நாடாவை இரு மடங்காக இழுத்தோம். 2 செ.மீ. தொலைவு 4 ஆனது, 4 செ.மீ. 8 ஆனது. தள்ளியிருந்த பொட்டு அதிகமாக விலகியது. பொட்டு பெரிதாகவில்லை, இடைவெளிதான் வளர்ந்தது. எந்தப் பொட்டிலிருந்து அளந்தாலும் இதே கணக்கு.

“அப்போ நடுவே இல்ல சார்!” என்றாள்.

1929-இல் ஹபிள் வெளியிட்ட விதியும் இதுவே. இன்றைய அளவீட்டின்படி, சுமார் 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 70 கி.மீ.; பத்து மடங்கு தொலைவுக்கு 700 கி.மீ.

காவலூர் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன், இந்த நாடாவை ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.