ஈற்றடி கொடுத்தவள் கற்ற பாடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வரங்கிற்கு வந்தோருள் பலர் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கி நடந்து வந்திருப்பீர்கள். மேடைத் தமிழால் மக்களைக் கட்டிவைத்த ஜீவானந்தம் அவர்களின் பெயர் தாங்கிய நிலையம் அது. அப்பெயரைப் படித்துவிட்டு வந்தவர்கள் முன் மேடையேறுவது சற்று அச்சம் தரத்தான் செய்கிறது.

'போட்டிகளும் கவிஞரும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பொருள் பெரிது, என் பட்டறிவு சிறிது. நம் வட்டம் நடத்திவரும் ஈற்றடி வெண்பாப் போட்டிக்குத் தொடக்கமுதல் ஈற்றடி கொடுத்து வருபவள் நான். முதல் சில ஆண்டுகள் நடுவரும் நான் ஒருத்தியே. அந்தச் சிறு போட்டி எனக்குக் கற்பித்தவற்றை மட்டும் இங்கே சொல்ல விழைகிறேன். அவற்றுள் ஒன்று என் பிழையைப் பற்றியது. அதனைச் சொல்லாமல் இவ்விழாவைக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

ஒருவர் ஈற்றடி தர, மற்றவர் முன்னடிகளை அமைத்துப் பாட்டை நிறைவிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கு. வடமொழியாளர் இதனைச் சமஸ்யை என்பர். பதினைந்தாம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களுள் பல, பிறர் கேட்டபடி பாடியவை. அவதானக் கலையிலும் ஈற்றடிக்குப் பாடுதல் ஓர் உறுப்பு. நம் சென்னையிலேயே, விக்டோரியா பொது மண்டபத்தில், 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். அவரைப் பற்றித் தமிழன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. துருக்கனுக்கு இராமன் துணையாவான் என்னும் கருத்தமைந்த ஈற்றடியை ஓர் அவையில் அவருக்குக் கொடுத்தார்களாம். இசுலாமியராகிய அவர் எப்படிப் பாடுவார் என்று அவை காத்திருந்தது. அவரோ முந்திய அடியின் இறுதியில் இரண்டே எழுத்துகளை நிறுத்தித் துருக்கனைச் 'சத்துருக்கன்' ஆக்கிவிட்டார். தம்பிக்குத் தமையன் துணை என்றாகிப் பாட்டும் முடிந்தது. அடி கொடுத்தவர் நினைத்தது ஒன்று. பாடியவர் கண்டது வேறொன்று. ஈற்றடியின் இன்பமே இதில்தான் இருக்கிறது.

இவ்வழக்கிற்கு உறவாகத்தக்க ஒன்று கணினி உலகிலும் தோன்றியிருக்கிறது. அமெரிக்கரான வில் கிரௌதர் 1976ஆம் ஆண்டையொட்டி, தாம் சுற்றித்திரிந்த கென்டக்கிக் குகைகளை மனத்திற்கொண்டு ஓர் உரைக்கதை அமைத்தார். படிப்பவர் 'வடக்கே செல்', 'விளக்கை எடு' என்று சொற்களைத் தட்டினால் கதை அதற்கேற்ப நகரும். டான் வுட்ஸ் என்பவர் அவரிடம் இசைவு பெற்று 1977இல் அதனை விரிவாக்கினார். ஒருவர் தொடங்கியதை முகமறியா மற்றொருவர் நிறைவித்தது நம் ஈற்றடி வழக்கை நினைவூட்டவில்லையா? இத்தகைய கதைகளுக்கென ஆர்வலர்கள் 1995இல் ஒரு போட்டி தொடங்கினார்கள். முதலாண்டு வந்த படைப்புகள் பன்னிரண்டே. பிறகு அது ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது.

அப்போட்டியின் விதிகளைப் படித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது ஒன்று. படிப்பவருக்கும் அங்கே விதி இருக்கிறது. ஒரு படைப்புக்கு அவர் செலவிட்ட முதல் இரண்டு மணி நேரத்தைக் கொண்டே மதிப்பெண் இடவேண்டும்; குறைந்தது ஐந்து படைப்புகளையேனும் மதிப்பிட்டவரின் எண்களே கணக்கில் சேரும். எழுதுவோர்க்கு விதி வகுப்பது எளிது. எழுத்தெண்ணிக்கை, கடைசி நாள், தாளின் அளவு என்று நாமும் ஒரு பக்கம் நிறைய வகுத்திருந்தோம். நடுவராகிய எனக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையின் விலையை நான் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார்.

ஓராண்டு நான் கொடுத்த ஈற்றடி, 'கரையேறி நிற்கும் கடல்'. கொடுக்கும்போதே என் மனத்தில் ஒரு பொருள் இருந்தது. ஆசை வரம்பு மீறுதல், அன்பு அணை கடத்தல் என்று உருவகமாகப் பாடுவார்கள் என எதிர்பார்த்தேன். அவ்வாறே பலர் பாடினார்கள். கல்லூரி விடைத்தாள்களைத் திருத்தி முடித்த ஒரு பின்னிரவில், அதே சிவப்பு மையால் இந்தத் தாள்களையும் திருத்தினேன். அவற்றிடையே இப்பாடல் இருந்தது:

வாசலில் கோலமிட்ட மண்ணெங்கே மாலையில்
பேசிய திண்ணையெங்கே பேத்தியே – வீசும்
நுரையோடு வந்து நுழைந்தெம் தெருவில்
கரையேறி நிற்கும் கடல்.

இரண்டாம் சீரில் 'திண்ணையெங்கே' என்பதைச் சுழித்து, 'நாலசைச் சீர், வெண்பாவில் வாராது' என்று எழுதினேன். கீழே, 'கடல் தெருவில் நிற்குமோ? உருவகம் தெளிவில்லை' என்றும் ஒரு வரி சேர்த்தேன். தாள் தள்ளுபடி ஆயிற்று.

பரிசளிப்பு முடிந்தபின் அவ்வம்மையார் என்னிடம் வந்தார். திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கத்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். யாப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. "உருவகம் எதுவும் எழுதலம்மா. ஒருதரம் எங்க தெருவுக்கு வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறு ஞாயிறன்று போனேன். தெரு கடலை நோக்கிச் சென்று ஒரு கற்குவியலில் முடிந்தது. அதற்கு அப்பால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன என்று கைநீட்டிக் காட்டினார்கள். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. 1875இல் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணியில் எழுந்த தடுப்புச் சுவர்கள் அம்மணலை வழிமறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரித்துக்கொண்டு போயிற்று. இவற்றையெல்லாம் நான் ஏட்டில் படித்தவளே. ஆயினும் 'கரையேறி' என்று எழுதியபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவருக்கோ அச்சொல்லில் வேறெதுவும் நினைவுக்கு வந்திருக்க இயலாது.

வீடு திரும்பி அப்பாடலை மீண்டும் அலகிட்டேன். ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகி ஒலிக்கும். 'திண் – ணையெங் – கே' என்று பிரித்தால் நேர் நிரை நேர், குற்றமற்ற கூவிளங்காய். ஆண்டுதோறும் வகுப்பில் ஐகாரக் குறுக்கம் நடத்துகிறவள் நான். களைத்த கண்ணால் 'திண் – ணை – யெங் – கே' என்று நான்காக வெட்டியிருக்கிறேன். வாய்விட்டு ஒருமுறை படித்திருந்தால் காதே சொல்லியிருக்கும். நக்கீரர் குற்றம் என்றபோது அதற்குரிய பொருளேனும் அவரிடம் இருந்தது. என்னிடம் இருந்ததோ சிவப்பு மை மட்டுமே.

அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதனாலென்னம்மா" என்றார். ஆனால் அதன்பின் அவர் போட்டிக்கு எழுதவில்லை. காரணம் கேட்டபோது வேலை மிகுதி என்றார். அது மட்டுமே காரணம் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

அன்புடையீர், இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நம் வட்டத்தில் சில விதிகளை நடுவர்க்கென வகுத்தோம். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே படிக்கிறோம். ஒரே அமர்வில் பத்துத் தாள்களுக்கு மேல் தொடுவதில்லை. எப்பாடலையும் வாய்விட்டு ஓதிய பின்பே அலகிடுகிறோம். தளை தட்டுகிறதென்று இருவரும் ஒத்துக்கொண்டால், எந்தச் சீரில், ஏன் என்பதைப் பென்சிலால் எழுதித் தாளைத் திருப்பி அனுப்புகிறோம். பொருள் விளங்காத இடத்தில் தீர்ப்பு எழுதும் முன் பாடியவரையே கேட்கிறோம். பெயரை மறைத்து எண் இட்ட தாள்களாதலின், கேட்பதற்கு அமைப்பாளர் இடைநிற்கிறார்.

பெரிய போட்டிகளில் இவையெல்லாம் இயலா. மூட்டை மூட்டையாய் வரும் தாள்களுக்கு விடையெழுத யாரால் முடியும்? சிறிய போட்டியின் பெருமை அதன் சிறுமையிலேயே இருக்கிறது. நம்முடைய பரிசு ஒரு நூலும் ஒரு கைத்தறித் துண்டுமே. அதற்காக ஒருவரும் எழுதுவதில்லை. தம் பாட்டை ஒருவராவது முழுக்கப் படித்தார் என்னும் செய்திக்காக எழுதுகிறார்கள். அந்த ஒன்றையும் கொடாமல் பரிசு மட்டும் கொடுப்போமாயின் நாம் போட்டி நடத்தியவர் ஆகமாட்டோம்.

ஈற்றடி கொடுப்போர்க்கும் ஒரு சொல். அடியைக் கொடுப்பதோடு நம் உரிமை முடிந்தது. அதன் பொருளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக எண்ணினால், நாம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினாக் கேட்கிறவர்கள் ஆகிவிடுவோம். பாவலர்க்கு அடி கொடுத்தவர்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. அவர்கள் அவையிலேயே தெரிந்துகொண்டு கைதட்டினார்கள். எனக்கு ஒரு கற்குவியல்வரை நடக்கவேண்டியிருந்தது.

மேலே நான் ஓதிய வெண்பாவை நம் விழா மலரில் சேர்க்க அவ்வம்மையார் இசைவு தந்திருக்கிறார். பெயர் வேண்டா என்று சொல்லிவிட்டார். அமைப்பாளர் அவர்களும் இசைந்துள்ளார். இவ்வாண்டுப் போட்டிக்கு ஈற்றடி தரும் பணியை அவ்வம்மையாரிடமே ஒப்படைக்கலாம் என்பது என் விண்ணப்பம். அவர் ஏற்பாராயின், நடுவர் இருக்கையை விட்டு இறங்கி, என் தாளையும் எண் இட்டு அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன். தளை தட்டினால் தயங்காமல் சுழித்துத் தாருங்கள். வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு.