இரண்டு வரிகளுக்கு நடுவே

குலாய், செடெனாக் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், நம் ஜொகூரில் தரவு மையங்கள் எவ்வளவு வேகமாக எழும்புகின்றன என்று. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். உள்ளே நம் கோப்புகளைக் காக்கும் நிரலில் ஒரு மாற்றம் வந்தால் அதை யார் வாசிக்கிறார்கள், எப்படி வாசிக்கிறார்கள்? இதைப் பேச ஆளில்லை. எனக்கு அதுதான் தொழில். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கோப்புகளைக் காக்கும் நிரல்களில் 'காப்பி ஆன் ரைட்' என்றொரு முறை இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பழைய பதிவை அழிக்காமல், திருத்தத்தைப் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, இனி இதுவே செல்லும் என்று குறிப்பதைப் போன்றது அது. பழைய தரவின் மேல் எழுதுவதே இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001இல் தொடங்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இந்த முறையில்தான் நிற்கிறது. 2007இல் கிரிஸ் மேசன் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படித்தான்.

அழிப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடுதான் இன்றைய அவசரமும் சேர்ந்துகொள்கிறது. சோதனைகள் எல்லாம் பச்சை, தானியங்கிக் கருவியும் பார்த்துவிட்டது, 'ஓகே' என்று ஒரு சொல், மாற்றம் உள்ளே போய்விடுகிறது. இதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். கோப்பு முறைமையின் நிரலை மேலிருந்து கீழாக வாசித்தால் போதாது. ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் கேட்கவேண்டும்: இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யார் நுழையலாம்?

எனக்கு மிகப் பிடித்த ஒரு திருத்தத்தைச் சொல்கிறேன். 2023 அக்டோபரில், இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவமான ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸின் 2.2.0 பதிப்பு வெளிவந்தது. அதில் 'பிளாக் குளோனிங்' என்ற புது வசதி இருந்தது. தரவை நகலெடுக்காமலே, ஒரே தரவை இரண்டு கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் வசதி. சில வாரங்களில் புகார் வந்தது. ஜெண்டூ லினக்ஸில் 'கோ' மொழியை நிறுவியவர்களுக்கு, நகலான கோப்புகளில் தரவு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். எல்லாரும் புது வசதியைத்தான் சந்தேகித்தார்கள். நவம்பரில் 2.2.1 வந்தபோது அதை முடக்கியும் வைத்தார்கள். கோளாறு தீரவில்லை. அந்த வசதியே இல்லாத 2.1 பதிப்பிலும் அதே கோளாறு தெரிந்தது.

அதைத் தீர்த்த திருத்தத்தை எழுதியவர் ராப் நாரிஸ். அளவில் மிகச் சிறியது. ஒரு கோப்பில் இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றம் இருக்கிறதா என்று இசட்எஃப்எஸ் பார்க்கவேண்டியிருக்கும். அதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று கோப்பின் தலைப்பதிவில், மற்றொன்று அதன் தரவுப் பதிவுகளில். புதிய கோப்பில் தரவைச் சேர்த்தால் இரண்டுமே ஏறும். வட்டில் எழுதும்போது, முதல் அடையாளம் நீங்கி, இரண்டாவது நீங்காத ஒரு மிகச் சிறிய கணம் வருகிறது. மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் நிரல் காலப்போக்கில் ஒருமுறை முதல் அடையாளத்தைப் பார்த்தது, ஒருமுறை இரண்டாவதைப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தக் கணத்தில் நுழைந்தது யார் தெரியுமா? நாம் தினமும் பயன்படுத்தும் 'சிபி' கட்டளை. அதன் புதிய பதிப்புகள், கோப்பில் தரவு எங்கே இருக்கிறது, எங்கே வெற்றிடம் என்று முதலில் கேட்டுக்கொள்கின்றன. அந்த நொடியில் கேட்டால், தரவே இல்லை என்று பதில் வரும். சிபியும் அதை நம்பி, முழுக் கோப்பையும் வெற்றிடமாகவே நகலெடுத்துவிடும். ராப் நாரிஸின் திருத்தம் சொன்னது இவ்வளவுதான்: இரண்டையும் பார். ஏதாவது ஒன்றில் அடையாளம் இருந்தாலும், வட்டில் எழுதி முடியும்வரை காத்திரு. நவம்பர் 30இல் 2.2.2, 2.1.14 ஆகிய பதிப்புகளில் அது வந்து சேர்ந்தது.

இதில் கவனியுங்கள். இசட்எஃப்எஸ்ஸின் பெருமையே செக்சம். படிக்கும்போதெல்லாம் தரவைச் சரிபார்க்கும். இந்த முறை அது ஒரு குரலும் கொடுக்கவில்லை. வெற்றிடத்தை எழுதச் சொன்னார்கள், அதைப் பிசகில்லாமல் எழுதியது. எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருந்தன. சரிபார்ப்புக் கருவிக்குப் பிடிபடாத பிழை இது. மனிதர் உட்கார்ந்து, இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யார் நுழையலாம் என்று கேட்டால் பிடிபடும்.

ஒருமுறை நான் ஒரு மாற்றத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, டெஸ்ட் எல்லாம் பாஸாயிடுச்சு, இன்னும் என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டார். தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் எழுதுகிறவர், வலப்பக்கம் படிக்கிறவர். ஒவ்வோர் அடியையும் காலவரிசைப்படி எழுதச் சொன்னேன். ஐந்தாவது அடிக்கு வந்ததும் அவரே நிறுத்திவிட்டு, "இங்க இன்னொருத்தர் நுழையாம தடுக்கிற பூட்டு இல்லையே அண்ணே" என்றார். அந்தத் தம்பி இன்று என்னைவிடக் கூர்மையாக வாசிக்கிறார்.

புது வசதிகளைக் கொண்டாடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கு எந்தப் புது வசதியைவிடவும், பழைய வரியொன்றைச் சரியாக வாசித்த அந்தச் சிறிய திருத்தம் உயர்ந்தது. குறை புது வசதியில் இல்லை, அதற்கு முன்பே இருந்த வரியில் இருந்தது. ஆகவே மாற்றம் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், மாறிய வரிகளோடு நிறுத்தாதீர்கள். மாறாத வரிகளையும் திறந்து பாருங்கள். காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள். நடுவில் யாரும் நுழைய முடியாது என்று உங்களுக்கே உறுதியான பிறகு ஒப்புதல் கொடுங்கள். அதற்கு ஒரு வாரம் ஆனாலும், அந்த வாரத்தை மேலதிகாரியிடம் துணிந்து கேட்டு வாங்குங்கள்.