முட்டுச்சந்தில் ஒரு வழி

எங்கள் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு மனைப்பிரிவுகள். நடுவே ஆள் உயரச் சுற்றுச்சுவர். இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் தொடக்கப் பள்ளி. பள்ளி மணி அடித்தால் வீட்டு அடுப்படி வரை கேட்கும். ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிகளின் ஓரமாக நடந்து, அடுத்த மனைப்பிரிவின் வாசல் வழியே மறுபடி உள்ளே வர வேண்டும். சுவரில் ஓரிடத்தில் யாரோ நாலு செங்கல்லைப் பெயர்த்துக் கால் வைக்க இடம் செய்திருக்கிறார்கள். காலையில் முதலில் புத்தகப் பை அந்தப் பக்கம் விழும். பின்னாலேயே பிள்ளை குதிக்கும்.

சாலை என்றாலே நாம் அகலத்தைத்தான் பேசுகிறோம். உள்ளூர்ச் சாலைக்கு அதைவிட முக்கியமானது, ஒரு தெரு இன்னொரு தெருவில் போய்ச் சேருகிறதா என்பது. சேராவிட்டால் பால் வாங்கப் போகிறவர், ரேஷன் கடைக்குப் போகிற பாட்டி, வெளியூர் லாரி எல்லாரும் ஒரே மெயின் ரோட்டில்தான் வந்து விழ வேண்டும். நெரிசல் என்று அதை அகலப்படுத்துவோம். அகலமான ரோட்டை நடந்து கடக்கப் பயந்து, கூப்பிடு தூரக் கடைக்கும் பைக்கை எடுப்போம். மினி பஸ்ஸும் முட்டுச்சந்துக்குள் வராது, திரும்ப இடமிருக்காது.

மதுரையைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக விரிகிறது ஊர். தேர் ஓடுகிற மாசி வீதிக்கு அதற்கேற்ற அகலம். வீதிக்கும் வீதிக்கும் நடுவே ஆள் நடக்கச் சந்துகள். ஒரு சந்து அடைபட்டால் அடுத்த சந்தில் நுழைந்து போய்விடலாம்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஹௌட்டன் என்று ஓர் ஊர். 1960களில் அது சிற்றூர். இன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கிறார்கள். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. காரில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக அந்த வட்டச் சாலைக்கு வந்துதான் போக வேண்டும். சைக்கிளும் நடப்பவரும் ஊரின் நடுவே நேராகப் போகலாம். ரயில் நிலையமும் நடுவில்தான். கார் எல்லா வீட்டு வாசலுக்கும் போகும். ஊடே குறுக்கு வழி மட்டும் அதற்குக் கிடையாது.

சுவரைத் திறந்தால் கண்ட வண்டியும் நம் தெருவில் புகுந்து பறக்குமே என்று எங்கள் பகுதிப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதற்குத்தான் ஹௌட்டன் வழி நமக்கு உதவும். சுவரில் ஒரு நடைவழி திறந்து, கார் நுழையாதபடி குத்துக்கல் நட்டால் போதும். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும்படி இடைவெளி விட வேண்டும். வழியை அகலமாகவே விட்டு, ஒரு குத்துக்கல்லுக்குப் பதில் கழற்றக்கூடிய கம்பம் வைத்தால் அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் வரும். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் நடக்க இடம் வேண்டும், அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று சாலை நெறிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. முழங்கால் வலியோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த அளவின் அருமை தெரியும்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது அதன் சாலைகளை உரிமையாளர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். அதன் பிறகு அவை ஊர்ச் சொத்து. ஒப்புதலுக்கு முன்பே செய்தால், தெருக்களை இணைப்பது வரைபடத்தில் ஒரு கோடு போடுகிற வேலைதான். வீடுகள் எழுந்துவிட்டால் அந்த ஒரு கோட்டுக்காக நிலம் வாங்க வேண்டும், வழக்குக்கு நிற்க வேண்டும்.

உங்கள் ஊரில் புது மனைப்பிரிவுக்குக் கல் நடுகிறார்களா? அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுந்து நின்று, இந்தத் தெரு எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.